லண்டன் சர்க்கார் கேட்கும் வரதட்சிணை

நம்மூரில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் ஏழைத் தகப்பனிடம் மாப்பிள்ளை வீட்டார் பவுன் கேட்கிறார்கள். ஐந்து பவுன் போடுவாயா, பத்துப் பவுன் போடுவாயா என்று சந்தையில் மாட்டுக்குப் பேசுவதுபோல் பேரம் பேசுகிறார்கள். வரதட்சிணை கூடாதென்று 1961ம் வருஷமே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. பேரம் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

ஆனால், தோழர்களே, சட்டமே பவுன் கேட்கும் தேசம் ஒன்று உண்டு. மாமியார் கேட்கவில்லை; மந்திரி கேட்கிறார். தரகர் பேரம் பேசவில்லை. சர்க்கார் காரியாலயம் பேசுகிறது. கேட்பது தங்கப் பவுன் அல்ல, ஸ்டெர்லிங் பவுன். அந்தத் தேசம்தான் நம்மை இருநூறு வருஷம் ஆண்டு, "நாகரிகம்" கற்றுக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் பிரிட்டன்.

ஒரு பிரிட்டிஷ் பிரஜை வெளிநாட்டில் கலியாணம் செய்துகொள்கிறார். அல்லது, அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்ற ஒருவர் தன் ஊருக்குப் போய்த் தாலி கட்டிவிட்டு வருகிறார். கட்டிய மனைவியை, கைப்பிடித்த கணவனைத் தன் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்கு சர்க்கார் கேட்கும் முதல் கேள்வி, "அன்பு இருக்கிறதா?" என்பதல்ல. "ஆண்டுக்கு எத்தனை பவுன் சம்பளம்?" என்பதுதான்!

2012 ஜூலை 9ந் தேதி, தெரெசா மே உள்துறை மந்திரியாக இருந்தபோது, 18,600 பவுன் என்று கோடு கிழித்தார்கள். 2024 ஏப்ரல் 11ந் தேதி அந்தக் கோட்டை 29,000 பவுனுக்கு உயர்த்தினார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவன் மனைவியோடு வாழலாம். கீழே இருப்பவன் போனில் குடும்பம் நடத்தலாம்!

கணக்குப் பார்ப்போம்

நாம் கூலிக்கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். மஸ்டர் ரோலில் மேஸ்திரி அரை நாள் குறைத்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள். இந்தக் கணக்கையும் பார்ப்போம்.

2024 ஏப்ரலில் பிரிட்டனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 பவுன் 44 பென்ஸ். ஒரு தொழிலாளி வாரத்துக்கு 40 மணி நேரம், ஒரு வாரம்கூட விடாமல் 52 வாரமும் உழைத்தால் அவருடைய வருஷக் கூலி சுமார் 23,795 பவுன். கோடு எங்கே இருக்கிறது? 29,000த்தில்! ஐயாயிரம் பவுனுக்கு மேல் துண்டு விழுகிறது. 2025 ஏப்ரலில் கூலி 12 பவுன் 21 பென்ஸ் ஆயிற்று. அப்போதும் வருஷக் கூலி சுமார் 25,397 பவுன்தான். மூவாயிரத்து அறுநூறு பவுன் பள்ளம் அப்படியே நின்றது.

"நியாயமான கூலி இதுதான்" என்று சட்டம் போட்டவரும் சர்க்கார்தான். "இந்தக் கூலி வாங்குகிறவன் மனைவியோடு வாழத் தகுதியில்லாதவன்" என்று சட்டம் போட்டவரும் அதே சர்க்கார்தான். வலது கையால் எழுதியதை இடது கையால் அடிக்கிறார்கள். கூலி போதுமென்றால் குடும்பத்துக்கும் போதும். குடும்பத்துக்குப் போதாதென்றால் அது கூலியே அல்ல. இரண்டில் எது உண்மை, கனவான்களே?

இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள் யார்? கிழவர்களையும் நோயாளிகளையும் குளிப்பாட்டிச் சோறூட்டும் பணிப்பெண், கடையில் பெட்டி அடுக்குபவர், ஓட்டலில் தட்டுக் கழுவுபவர், ஆபீஸ்களை விடியுமுன் கூட்டிப் பெருக்குபவர். இவர்களிலே நம் தமிழரும் உண்டு. இலங்கையின் யுத்தத்துக்குத் தப்பி லண்டன் சேர்ந்த ஈழத்தமிழர் எத்தனையோ பேர் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் குடியிருந்துகொண்டு, கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் இரவு பகலாக நின்று பிழைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெண்ணெடுத்து வந்த பிள்ளைக்கும் இதே கோடுதான். பெண்கள் நிலை இன்னும் மோசம். பெண்ணுக்குக் கூலி குறைவு. பிள்ளை பெற்றவள் பாதி நேர வேலைதான் பார்க்க முடியும். அவள் வெளிநாட்டுக் கணவனைக் கூட்டி வர நினைத்தால், கோடு தலைக்கு மேல் எங்கேயோ தொங்குகிறது.

ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்குவோர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றபடி, வரப்போகும் மனைவி ஊரில் டாக்டராக இருந்து கைநிறையச் சம்பாதித்தாலும் அந்தச் சம்பாத்தியம் பொது விதியில் கணக்கில் சேராது. 2012க்கு முன்பு இப்படி இல்லை. சர்க்கார் உதவி கேட்காமல் வாழ முடியும் என்று காட்டினால் போதும். வருகிறவருக்குக் கிடைக்கக்கூடிய வேலையும், சொந்தக்காரர் செய்யும் உதவியும்கூடக் கணக்கில் எடுக்கப்பட்டன. அந்த வாசலை மூடிவிட்டுத்தான் இந்தக் கோட்டைக் கிழித்தார்கள்.

யாருக்குக் கதவு திறக்கிறது?

சரி, இந்தக் கோட்டைத் தாண்ட இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. சம்பளமே வேண்டாம், பாங்கியில் ரொக்கம் இருந்தால் போதும்! எவ்வளவு? 18,600 பவுன் கோட்டுக்கு 62,500 பவுன் ரொக்கம். 29,000 பவுன் கோட்டுக்கு 88,500 பவுன் ரொக்கம். ஆறு மாதம் அந்தப் பணம் கணக்கில் கிடந்தால் சரி.

வருஷம் முழுவதும் முதுகு ஒடிய உழைப்பவனுக்கு மனைவி கிடையாது. ஒரு நாளும் உழைக்காமல் அப்பன் விட்டுப்போன பணத்தில் கால்மேல் கால் போட்டிருப்பவனுக்கு மனைவி உண்டு. இதுதான் அவர்கள் சொல்லும் "உழைப்புக்கு மதிப்பு"!

இன்னும் கேளுங்கள். 2008 முதல் பிரிட்டனில் "முதலீட்டாளர் விசா" என்று ஒன்று நடந்தது. 2014க்குப் பிறகு அதன் விலை 20 லட்சம் பவுன். அந்தப் பணத்தை அங்கே போட்டவர் எந்த நாட்டுக்காரராயினும், பணத்தோடு பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கலாம். பணம் எந்த வழியில் வந்தது என்ற சந்தேகம் நாறிப்போய், 2022 பிப்ரவரியில்தான் அதை இழுத்து மூடினார்கள். கோடீஸ்வரனுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்த அதே வருஷங்களில்தான், சொந்த நாட்டுத் தொழிலாளியின் மனைவியை வாசலில் நிறுத்திச் சம்பளச் சீட்டுக் கேட்டார்கள்.

தெரியாமல் செய்த காரியமா இது? இல்லை. தெரிந்தே செய்தார்கள். சர்க்கார் நியமித்த குடியேற்ற ஆலோசனைக் கமிட்டி 2011லேயே எழுதிக் கொடுத்துவிட்டது: 18,600 என்று வைத்தால் விண்ணப்பம் போடுவோரில் நூற்றுக்கு 45 பேர் தேறமாட்டார்கள் என்று. அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் சட்டம் கொண்டுவந்தார்கள். விளைவு என்ன? 2015ல் இங்கிலாந்தின் குழந்தைகள் நல ஆணையர் வெளியிட்ட அறிக்கை, சுமார் 15,000 குழந்தைகள் வரை இந்த விதிகளால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அப்பனோ ஆத்தாளோ கடலுக்கு அப்பால். பிள்ளை கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறது. "ஸ்கைப் குடும்பங்கள்" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2017 பிப்ரவரி 22ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதனால் கஷ்டம் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். குழந்தைகளின் நலனை விதி கவனிக்கவில்லை, வேறு வழியில் வரும் வருமானத்தையும் சில சந்தர்ப்பங்களில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் கோடு கிழிப்பது சட்டப்படி செல்லும் என்றார்கள். நீதிதேவதை கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். சம்பளச் சீட்டை மட்டும் கட்டின் இடுக்கு வழியே பார்த்துவிடுகிறாள் போலும்!

"பாரம்" என்ற பொய்

"வருகிறவர்கள் வரிப்பணத்துக்குப் பாரமாகிவிடக் கூடாது அல்லவா?" என்று லண்டன் பத்திரிகைகள் உருகுகின்றன. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

உண்மை என்ன? கணவன் அல்லது மனைவி விசாவில் வருகிறவருக்கு வழக்கமான சர்க்கார் உதவித்தொகை எதுவும் கிடையாது என்று விசாவிலேயே முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். குடியிருப்பு உரிமை வாங்கும் வரை, சாதாரணமாக ஐந்து வருஷம், இதே நிலைதான். அது மட்டுமல்ல. ஆஸ்பத்திரிக்கென்று 2024 பிப்ரவரி முதல் தலைக்கு வருஷம் 1,035 பவுன் முன்பணமாக வாங்கத் தொடங்கினார்கள். முதல் விசாவுக்கு மட்டும் மூன்று வருஷப் பணம், 3,105 பவுன், ஒரே தவணையில் வைக்க வேண்டும். விசாக் கட்டணம் தனி. வந்த பிறகு அவர் வேலைக்குப் போனால் மற்றத் தொழிலாளிகளைப் போலவே வரியும் கட்டுகிறார். அதாவது ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் கொடுக்கிறார், உதவியை ஒரு தரமும் வாங்குவதில்லை. இவரா பாரம்? இவர் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பவர்தான் பாரம்!

"போலிக் கலியாணத்தைத் தடுக்க வேண்டாமா?" என்று இன்னொரு கேள்வி. போலிக் கலியாணம் எது, உண்மைக் கலியாணம் எது என்று சம்பளச் சீட்டா சொல்லும்? முப்பதாயிரம் பவுன் சம்பாதிக்கும் மோசடிக்காரன் இந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விடுவான். இருபதாயிரம் பவுன் சம்பாதிக்கும் உத்தமன் மாட்டிக்கொள்வான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வாதம் இது.

"அப்படியானால் மனைவியின் நாட்டுக்கே போய்க் குடித்தனம் நடத்தட்டுமே!" என்கிறார்கள் மூன்றாவதாக. பிறந்த மண்ணைவிட்டுப் போ என்பதற்குப் பழைய பெயர் நாடு கடத்தல். குற்றவாளிக்குக் கொடுத்த தண்டனையை இப்போது காதலித்தவனுக்குக் கொடுக்கிறார்கள்.

பழைய பாம்பு, புதிய சட்டை

இந்தக் கோடு 2012ல் திடீரென்று முளைத்ததல்ல. பிரிட்டிஷ் ஆளும் வர்க்கம் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு சாக்குச் சொல்லிக் கணவன் மனைவியரைப் பிரித்தே வந்திருக்கிறது. பாம்பு சட்டையை உரிக்கிறது, விஷத்தை உரிப்பதில்லை.

முதலில் லிவர்பூல் துறைமுகத்தைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான சீனக் கப்பல் தொழிலாளிகள் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் குண்டு போட்ட கடலில் உயிரைப் பணயம் வைத்துச் சோற்றையும் எண்ணெயையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெள்ளைக்கார மாலுமிகளைவிடக் குறைந்த கூலி வாங்கிய அவர்கள் 1942ல் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். பலர் லிவர்பூல் பெண்களை மணந்து பிள்ளைகளும் பெற்றார்கள். யுத்தம் முடிந்தது. கூலியை வெட்டினார்கள். 1945 அக்டோபரில் உள்துறை அதிகாரிகள் ரகசியமாகக் கூடி, "வேண்டாத சீன மாலுமிகளை" அப்புறப்படுத்தத் தீர்மானித்தார்கள். 1946க்குள் நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். வேலைக்குப் போன புருஷன் வீடு திரும்பவில்லை. தன்னைக் கைவிட்டு ஓடிவிட்டான் என்றே மனைவி நினைத்தாள். பிள்ளைகளும் அப்படியே நினைத்து வளர்ந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் காகிதங்கள் வெளிவந்தன. 2022ல் உள்துறையின் சொந்த ஆய்வறிக்கையே பலவந்தம் நடந்ததை ஒப்புக்கொண்டது.

அந்தப் பெண்கள் ஏன் எதிர்த்துப் போராட முடியவில்லை? அன்றைய சட்டப்படி அந்நியனை மணந்து அவன் நாட்டுப் பிரஜையான ஆங்கிலப் பெண், தன் பிரஜா உரிமையை இழந்துவிடுவாள். பிறந்த ஊரிலேயே அவள் அந்நியள்! 1948ம் வருஷத்துச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான் இது ஒழிந்தது.

தொழிலாளிக்குத்தான் இந்தக் கதி, ராஜாவுக்கு இல்லை என்று எண்ணாதீர்கள். கறுப்பு ராஜாவுக்கும் அதே கதி. அன்று பெச்சுவானாலாந்து என்று பிரிட்டிஷார் ஆண்ட நாட்டில், பமாங்வாட்டோ மக்களின் தலைமைப் பட்டத்துக்கு உரியவர் செரெட்ஸே காமா. லண்டனில் சட்டம் படித்தபோது ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை 1948 செப்டம்பரில் மணந்தார். மனைவியை ஊருக்கு அழைத்துப் போனார். முதலில் முணுமுணுத்த அவருடைய மக்கள் 1949ல் பெரிய கூட்டம் கூடி அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காதது யார்? பக்கத்திலிருந்த தென்னாப்பிரிக்க வெள்ளை வெறி சர்க்கார். கலப்பு மணமே கூடாது என்று 1949ல் சட்டம் போட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் தங்கம் இருந்தது, யுரேனியம் இருந்தது. ஆகவே 1950ல், அட்லியின் தொழிற்கட்சி சர்க்காரே செரெட்ஸேயை அவருடைய சொந்த நாட்டிலிருந்து விலக்கி வைத்தது! விசாரணை அறிக்கையையும் மறைத்தது. பட்டத்தைத் துறந்த பிறகே 1956ல் மனைவியோடு ஊர் திரும்ப முடிந்தது. 1966ல் அந்நாடு போட்ஸ்வானா என்று சுதந்திரம் பெற்றபோது முதல் ஜனாதிபதி அதே செரெட்ஸேதான். ரூத்தும் அதே மண்ணில்தான் வாழ்ந்தார்.

1948 டிசம்பர் 10ந் தேதி ஐ.நா. சபையில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. இனம், தேசம், மதம் என்ற தடையின்றி மணந்து குடும்பம் நடத்த உரிமை உண்டென்கிறது அதன் 16வது பிரிவு. கைதூக்கி ஆதரித்த தேசங்களில் பிரிட்டனும் ஒன்று. தூக்கிய கை இறங்கி இரண்டு வருஷம் ஆவதற்குள்தான் செரெட்ஸேயை வெளியேற்றினார்கள்!

கற்பைச் சோதித்தவர்கள்

நிறத்தைச் சொல்லிப் பிரிப்பது வெட்கமான பிறகு வேறு சாக்குத் தேடினார்கள். 1979 ஜனவரியில் இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர் தமக்கு நிச்சயித்தவரை மணக்க லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். மூன்று மாதத்துக்குள் கலியாணம் செய்துகொள்ள வருகிற பெண்ணுக்கு முன் அனுமதி தேவையில்லை என்பது அன்றைய விதி. "நீ ஏற்கெனவே மனைவியாகிவிட்டு, மணப்பெண் என்று பொய் சொல்கிறாயோ?" என்று சந்தேகித்து, அந்தப் பெண்ணைத் துணி களைய வைத்து டாக்டரை விட்டுக் கன்னித்தன்மையைச் சோதித்தார்கள்! செய்தி பிப்ரவரியில் வெளிவந்து உலகம் காறித் துப்பிய பிறகு அதை நிறுத்தினார்கள். ஏதோ ஓர் அதிகாரியின் தவறு என்று மழுப்பினார்கள். 2011ல் ஆய்வாளர்கள் பழைய தஸ்தாவேஜுகளைத் தோண்டியபோது, குறைந்தது 80 பெண்களுக்கு இந்த அவமானம் நேர்ந்திருப்பது அம்பலமாயிற்று. அவர்களில் பெரும்பாலோருக்கு அது நம் இந்திய மண்ணில் இருந்த பிரிட்டிஷ் காரியாலயங்களிலேயே நடந்தது.

அடுத்த சாக்கு, "நோக்கம்". 1980களில் "முதன்மை நோக்க விதி" என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் இருக்கும் பெண்ணை மணந்த இந்தியனோ பாகிஸ்தானியோ, "பிரிட்டன் வருவது என் கலியாணத்தின் முக்கிய நோக்கமல்ல" என்று நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? பொண்டாட்டியோடு வாழ விரும்புகிறேன் என்றால், "ஆகா, பிரிட்டனில் வாழ விரும்புகிறாய்!" என்று மடக்கினார்கள். 1997 ஜூனில்தான் அது செத்தது.

இதற்கிடையே, மனைவியைக் கூட்டிவர ஆணுக்கு இருக்கும் சலுகை கணவனைக் கூட்டிவரப் பெண்ணுக்கு ஏன் இல்லை என்று மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். 1985 மே 28ந் தேதி அவர்கள் ஜெயித்தார்கள். லண்டன் என்ன செய்தது? பெண்ணுக்கு ஆணின் சலுகையைக் கொடுக்கவில்லை. ஆணிடம் இருந்ததையும் பிடுங்கி இருவரையும் சமமாக்கியது! பந்தியில் ஒருவனுக்குச் சோறு போடவில்லை என்று கேட்டால், பக்கத்து இலையையும் எடுத்துவிடுவது போன்ற சமத்துவம்.

நிறத்தைக் கேட்டார்கள். கற்பைக் கேட்டார்கள். நோக்கத்தைக் கேட்டார்கள். அதெல்லாம் செல்லாமல் போனபின் சம்பளச் சீட்டைக் கேட்கிறார்கள்.

கை வேண்டும், குடும்பம் வேண்டாம்

ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? வெறும் இனவெறி மட்டுமா? அதுவும் உண்டு. அதற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. மூலதனத்துக்குத் தொழிலாளியின் கை வேண்டும். அவன் குடும்பம் வேண்டாம். கைக்குக் கூலி கொடுத்தால் போதும். குடும்பத்துக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், பேறுகால விடுப்பு வேண்டும்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது எளிதில் புரியும். 1950களிலும் 60களிலும் பிராட்போர்டின் கம்பளி மில்களுக்கும் லங்காஷையரின் பஞ்சாலைகளுக்கும் பஞ்சாபிலிருந்தும் மீர்ப்பூரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளி வேண்டாமென்ற இரவு ஷிப்டு அவர்கள் தலையில் விழுந்தது. தனி ஆண்களாக ஒரே அறையில் பலர் அடைந்து கிடந்த வரை மில் முதலாளிக்குச் சந்தோஷம். மனைவி மக்கள் வரத் தொடங்கியதும்தான் "நாடு நிரம்பி வழிகிறது" என்ற கூக்குரல் எழுந்தது.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. 2024 மார்ச் 11ந் தேதி முதல், வெளிநாட்டிலிருந்து போகும் பராமரிப்புப் பணியாளர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது என்று தடுத்தார்கள். பிரிட்டனின் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட உன் கை வேண்டும். உன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச அந்தக் கைக்கு நேரமில்லை! 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டில் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். வேண்டும்போது வா, வேண்டாதபோது போ.

"வெளியாள் வந்து குடும்பத்தோடு தங்கினால் உள்ளூர்க்காரனுக்குக் கூலி குறையாதா?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கலாம். நன்றாக யோசியுங்கள். எவன் குறைந்த கூலிக்கு அடங்கிப்போவான்? விசாவை முதலாளி கையில் கொடுத்துவிட்டு, மனைவியைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருப்பவனா? குடும்பத்தோடு ஊன்றி நின்று, எங்கும் வேலை தேடும் உரிமையோடு இருப்பவனா? 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனில் கிரன்விக் போட்டோத் தொழிற்சாலையில் ஜயாபென் தேசாய் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் புடவை கட்டிய குஜராத்திப் பெண்கள். குடும்பத்தோடு வந்து குடியேறியவர்கள். 1977ல் அவர்களுக்காக வெள்ளைக்காரத் தபால் ஊழியர்கள் கம்பெனிக் கடிதங்களைத் தொட மறுத்தார்கள். யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளிகள் வந்து மறியலில் நின்றார்கள். 1978ல் போராட்டம் தோற்றது. ஆனால் வேர் பிடித்தவர்கள்தான் சங்கம் வைப்பார்கள் என்பதை உலகுக்குக் காட்டிவிட்டுத் தோற்றது. பிரித்து வைத்தவனை ஒன்று சேர்ப்பது கடினம். அதனால்தான் பிரித்து வைக்கிறார்கள்.

நமக்கென்ன என்பவர்களுக்கு

லண்டன் தூரம் என்றால் சிங்கப்பூருக்கு வாருங்கள். தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் நம் பிள்ளைகள் போய்க் கட்டடம் கட்டுகிறார்கள். அங்கே ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளி, ஒரு சிங்கப்பூர்ப் பிரஜையையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால் மனிதவள அமைச்சகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். கலியாணம் சிங்கப்பூரில் நடந்தாலும் சரி, நம்மூர்க் கோயிலில் நடந்தாலும் சரி. பெர்மிட் முடிந்து ஊர் திரும்பியவனையும் இந்த விதி விடுவதில்லை! பெர்மிட்டில் இருக்கும் பெண், அனுமதியோடு பிரஜையை மணந்திருந்தாலன்றிக் கர்ப்பமாகக் கூடாது. ஆனால் வேலை போகும். பெர்மிட் தொழிலாளி மனைவியைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளவும் முடியாது. மாதம் 6,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்கும் உயர்சம்பள அனுமதிக்காரருக்குத்தான் அந்த வழி. லண்டனில் வருஷக் கோடு, சிங்கப்பூரில் மாதக் கோடு. கிழிக்கிற கை ஒன்றுதான்.

"சோவியத் நாட்டில் இப்படி நடக்கவில்லையா?" என்று சிலர் குறுக்கே பாய்வார்கள். நடந்தது. சோவியத் பிரஜைகள் அந்நியரை மணக்கக் கூடாது என்று 1947 பிப்ரவரியில் உத்தரவு போட்டார்கள். 1953ல் அது நீக்கப்பட்டது. அதுவும் அநியாயமே. எந்தக் கொடியின்கீழ் நின்று பிரித்தாலும் பிரிவு பிரிவுதான். அந்த அநியாயத்தைக் காட்டி இந்த அநியாயத்தை நியாயமாக்க முடியாது.

எதிர்த்தால் பின்வாங்குவார்கள்

இது மாறாத விதி என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 4ந் தேதி உள்துறை மந்திரி ஜேம்ஸ் கிளெவர்லி, கோட்டை ஒரேயடியாக 38,700 பவுனுக்கு உயர்த்தப்போவதாக மார்தட்டினார். கலியாணத்துக்கு நாள் குறித்தவர்களும், பிரிந்து கிடந்த குடும்பங்களும் பொங்கி எழுந்தார்கள். மூன்றே வாரத்தில் 29,000 என்று இறங்கி வந்தார்கள். 2024 ஜூலையில் ஆட்சி மாறியபின் மேற்கொண்டு உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜூனில் ஆலோசனைக் கமிட்டியே 38,700 வேண்டாம் என்றது. குறைந்தபட்சக் கூலிக்காரருக்கும் எட்டும்படி 23,000 முதல் 25,000 வரை வைக்கலாம் என்று ஒரு வழியும் காட்டியது. அவர்கள் தானாக இரங்கவில்லை. குரல் எழும்பியது, கோடு அசைந்தது.

ஆனால் நம் கோரிக்கை கோட்டைக் கொஞ்சம் தாழ்த்து என்பதல்ல. கோட்டை அழி என்பதுதான். வரதட்சிணையைக் குறை என்றா கேட்கிறோம்? ஒழி என்றுதானே கேட்கிறோம்!

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. 1990 டிசம்பர் 18ந் தேதி ஐ.நா. சபை, புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் பாதுகாக்க ஓர் ஒப்பந்தம் நிறைவேற்றியது. குடும்பத்தின் ஒற்றுமையைக் காக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 44வது பிரிவு. பிரிட்டன் அதை ஏற்கவில்லை, சிங்கப்பூர் ஏற்கவில்லை. நம் இந்திய சர்க்காரும் ஏற்கவில்லை! பக்கத்து இலங்கை 1996லேயே ஏற்றுக்கொண்டது. லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணிப் பெருமைப்படும் டில்லி, அவர்கள் குடும்பத்துக்காக ஒரு கையெழுத்துப் போட ஏன் தயங்குகிறது? வெளிநாட்டு மந்திரிகளோடு தொழிலாளர் ஒப்பந்தம் பேசும்போது தலைக்கு எத்தனை கூலி என்று மட்டும் பேசாமல், தலைக்கு ஒரு குடும்பமும் உண்டென்று ஏன் பேசவில்லை?

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வெளிநாடு போன பிள்ளை உள்ள வீடுகளில் இதை எடுத்துச் சொல்லுங்கள். டில்லி அந்த ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டு உங்கள் பார்லிமென்ட் மெம்பருக்கு அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

பணம் எல்லை தாண்டுகிறது, யாரும் கேட்பதில்லை. சரக்கு எல்லை தாண்டுகிறது, வரவேற்கிறார்கள். தொழிலாளியின் கை எல்லை தாண்டுகிறது. வேண்டிய மட்டும் பிழிந்துகொள்கிறார்கள். தொழிலாளியின் மனைவி எல்லையில் வந்து நிற்கும்போது மட்டும் பவுன் கேட்கிறார்கள். அந்தக் கதவு திறக்கும்வரை தட்டுவோம்!